அளவையியலும் ஒரு கேபிளும்

அளவையியல் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தம் வீட்டில் எந்த வாதத்திலும் வெற்றி கிட்டுவதில்லை என்பது நாம் அனுபவத்திற் கண்ட உண்மை. வகுப்பறையில் மட்டும் எமக்கு அந்தக் குறை இருந்ததில்லை. மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், இரத்தோட்டைக்கு அப்பாலுள்ள ஒரு கல்லூரியில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்னும் பாடத்தை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். ஒரு விளைவுக்குரிய காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பதே அப்பாடத்தின் உயிர்நிலை. ஜோன் ஸ்டுவார்ட் மில் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே வகுத்துக் காட்டிய ஒற்றுமை முறை, வேற்றுமை முறை, எச்ச முறை முதலியவற்றைக் கரும்பலகையில் எழுதி எழுதி எமது விரல்கள் தேய்ந்திருக்கின்றன. அம்முறைகள் ஓரிரவு எம்மைக் கைவிட்ட கதையை, அன்றி நாம் அவற்றைக் கைவிட்ட கதையைத்தான், இங்கே சொல்லப்போகின்றோம்.

அன்று போயா விடுமுறை. மூன்று நாட்களாக அடைமழை. மாலை நான்கு மணியளவில் ஆசிரியர் விடுதியின் கதவை எவரோ தட்டினார்கள். திறந்து பார்த்தால் எம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி, தலையிலே பொலித்தீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் தகப்பனார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தாய் கொழுந்து பறிப்பவர். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பை முதன்முதலாகப் பெற்றிருப்பவள் அவள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தின் வழியே அனுப்பவேண்டிய விண்ணப்பத்துக்கு அன்று நள்ளிரவே முடிவெல்லை.

“கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தீர்கள்?” என்று சற்றுக் கடுமையாகவே வினவினோம்.

“காத்திருக்கலீங்க சேர். மூணு நாளா ரோட்டு வளைவுல நின்னு போன்ல அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. பாதிக்கு மேல போனா அறுந்துபோகுது” என்றார் தகப்பனார்.

கேள்வியைக் கேட்டதற்காக வெட்கமடைந்தோம். மலைநாட்டிலே அலைபேசிச் சமிக்ஞை என்பது காட்டுச் சேவல் மாதிரி. சத்தம் கேட்கும், கண்ணிற் படாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டில், போஹிட்டியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகளும் ஆசிரியரும் பாடத்துக்காகக் காட்டுவழியே நடந்து பாறையொன்றின்மேல் ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதனைப் படித்து வியந்தவர்கள் நகரத்தார். எம் பக்கத்தாருக்கு அது செய்தியே அன்று. நகருக்குப் போய்க் கடையொன்றில் காரியத்தை முடித்திருக்கலாம். ஆனால் காலையில் வீதியின் குறுக்கே மண் சரிந்து பஸ் போக்குவரத்து நின்றுவிட்டது.

எஞ்சியிருந்த வழி ஒன்றே. கல்லூரி அதிபரின் காரியாலயத்துக்கு இணைய இணைப்பு வருகின்றது. அங்குள்ள ரவுட்டரிலிருந்து நீண்ட கேபிள் ஒன்று மைதானத்தைக் கடந்து கணினி அறைக்குச் சென்று, ஒரு சுவிட்ச் பெட்டியில் முடிகின்றது. அதிபர் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தார், காரியாலயம் பூட்டு. ரவுட்டரின் கம்பியில்லா அலைகள் கணினி அறைவரை எட்டா. அங்கிருந்த கணினிகளோ முந்திய மாதத்து இடிமின்னலுக்குப் பின் கண் திறக்கவில்லை. எம்மிடம் மடிக்கணினி ஒன்று உண்டு. அதனைச் சுவிட்ச் பெட்டியுடன் கேபிளால் இணைத்தால் போதும். “ஐந்து நிமிட வேலை” என்று தகப்பனாருக்கு உறுதி கூறிவிட்டுக் குடையை எடுத்தோம். காவற்காரர் அறையைத் திறந்துவிட்டார். மணி ஐந்து.

இங்கே அந்தக் கேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. நீல உறைக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக ஓடுகின்றன. முறுக்குவது அழகுக்காக அன்று; புறத்திலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவாகத் தாக்கி, எதிர்முனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதற்காக. இந்த உபாயத்துக்குத் தொலைபேசி கண்ட கிரகம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கணினிகளை இவ்வாறு பிணைக்கும் ‘ஈதர்நெட்’ முறையை அமெரிக்காவின் ரொபேர்ட் மெற்காவ் 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு குறிப்பாக எழுதினார். ஒளியலைகள் பரவுவதற்கு இடமாக அண்டமெங்கும் ‘ஈதர்’ நிறைந்திருப்பதாக முன்னோர் நம்பினர். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த பரிசோதனையில் அதன் சுவடே தென்படவில்லை. இல்லாத ஒன்றின் பெயரைத் தாங்கிக்கொண்டு இத்தனை கோடிக் கணினிகள் இணைந்திருக்கின்றன என்று வகுப்பிலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்றிரவு எமக்கும் அது இல்லாததாகவே இருந்தது.

மேசை இழுப்பறையில் நீண்ட கேபிள் ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையைச் சுவிட்ச் பெட்டியிலும் மறுமுனையை மடிக்கணினியிலும் செருகினோம். ‘கேபிள் இணைக்கப்படவில்லை’ என்றது கணினி. இணைத்துக்கொண்டு நிற்பவரிடமே இணைக்கவில்லை என்று சொல்லும் துணிவை நாம் பாராட்டவில்லை. கழற்றி மறுபடி செருகினோம். பெட்டியில் வேறு துளைகளை மாற்றிப் பார்த்தோம். கணினியை அணைத்து எழுப்பினோம். அதே விடை.

வேற்றுமை முறை நினைவுக்கு வந்தது. ஏனைய யாவும் அவ்வாறே நிற்க, ஒன்றை மாத்திரம் மாற்று. விளைவு மாறினால் அதுவே காரணம். ஆகவே கேபிளை மாற்றினோம். உயிரிழந்த கணினியொன்றின் முதுகிலிருந்து இரண்டடி நீளக் கேபிள் ஒன்றைக் கழற்றி எடுத்தோம். அது மிகவும் குட்டையாகையால் மடிக்கணினியைச் சுவிட்ச் பெட்டிக்கருகே தரையில் வைக்கவேண்டியதாயிற்று. “பெட்டிப் பக்கத்தில் முனையை அழுத்திப் பிடி” என்று மாணவியிடம் சொல்லிவிட்டு, நாற்பது கடந்த இடுப்போடு நாம் தரையில் குனிந்து பார்த்தோம். இணையப் பக்கம் திறக்கவில்லை. கணினி இம்முறை ‘இனங்காணப்படாத வலையமைப்பு’ என்று வேறு ஏதோ முணுமுணுத்தது. எப்படியும் பக்கம் திறக்கவில்லை அல்லவா? விளைவில் மாற்றமில்லை, ஆகவே கேபிள் குற்றமற்றது. இவ்வாறு தீர்ப்பளித்துவிட்டு, குனிய முடியாத காரணத்தால் நீண்ட கேபிளையே மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தோம்.

வாசகர்களில் கூரியவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். எமக்குச் சிரிப்பு வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அதன்பின் கணினியின் உள்ளே இறங்கினோம். 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அழைத்துப் பார்க்கும் முகவரி. அதனை அழைத்தோம், உடனுக்குடன் பதில் வந்தது. தன் பேச்சுக்குத் தானே தலையசைத்துக்கொள்ளும் சில ஆசிரியர்களைப் போல அது மிகவும் திருப்தியாக இருந்தது. வலையமைப்புப் பகுதியைச் செயலிழக்கச் செய்து, மறுபடி செயற்படுத்தினோம். பல் துலக்கும் பழைய பிரஷால் துளையைத் துப்புரவு செய்தோம். எம் இல்லத்தரசி ஒரு போத்தலிற் சாயத்தண்ணி அனுப்பியிருந்தார். தகப்பனார் அதனைக் கோப்பைகளில் ஊற்றி எமக்கு நீட்டினார். தாம் குடிக்கவில்லை. சுவரோரமாக ஒரு வாங்கிலில் அமர்ந்து எமது கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை சற்றுப் பாரமாக இருந்தது.

எட்டரை மணியளவில், தற்செயலாக, ஒரு பக்கத்தைத் திறந்தபோது எமது உடல் சிலிர்த்தது. மடிக்கணினியின் கம்பிவழி இணைப்புக்கு நிலையான முகவரியொன்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் வேறு யாருமல்லர், நாமேதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் ஒரு வார வேலைக்காகச் சென்றபோது, அங்கிருந்த தொழில்நுட்பர் சொல்லச் சொல்ல எம் கையாலேயே தட்டிய இலக்கங்கள். வேலை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டோம்.

இதன் பொருள் யாதென்றால், ரவுட்டர் ஒரு மடத்துக் காவலரைப் போன்றது. வருகின்ற ஒவ்வொரு கணினிக்கும் ‘உனக்கு இந்த அறை’ என்று ஒரு முகவரியைத் தானே வழங்கும். வந்தவர் இடம் கேட்டும் காவலர் விடையளிக்காவிட்டால், வின்டோஸ் கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக முகவரியைச் சூடிக்கொள்ளும். அந்த இலக்கத்தைக் கண்டால் கேட்டுக் கிடைக்கவில்லை என்று அறியலாம். எமது கணினியோ கேட்கவே இல்லை. வேறோர் ஊர் மடத்தின் அறை இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஊர் மடத்திலே கதவைத் தேடிக்கொண்டிருந்தது. கம்பியில்லா இணைப்புக்கு அமைப்பு வேறாகையால் இந்த இரண்டு ஆண்டுகளும் குற்றம் வெளிப்படவில்லை; கம்பியை நாம் தொடவே இல்லை.

“கண்டுபிடித்துவிட்டோம்!” என்று உரக்கச் சொன்னோம். தகப்பனார் எழுந்து நின்றார். முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றினோம். அந்த ஒரு கணம் அறையில் மழையோசை தவிர வேறோசை இல்லை.

‘கேபிள் இணைக்கப்படவில்லை.’

எமக்கு ஏற்பட்ட மனநிலையை விவரிக்க விரும்பவில்லை. கேபிள் குற்றமற்றது என்று ஏற்கெனவே நிரூபித்தாயிற்று. முகவரியைத் திருத்தியாயிற்று. எச்ச முறைப்படி எஞ்சியது கணினியின் துளை ஒன்றே, அது பழுதடைந்துவிட்டது. இந்த முடிவை, வகுப்பில் சொல்வதுபோல, முதற்கூற்று இரண்டாங்கூற்று என்று வரிசைப்படுத்தியே அவர்களுக்கு எடுத்துரைத்தோம். முழுக்க ஒழுங்கான வாதம். மாணவி தலைகுனிந்து நின்றாள்.

தகப்பனார் மாத்திரம் சற்று நேரம் சுவிட்ச் பெட்டியைப் பார்த்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க சேர். ஆனா பெக்டரியில ரோலர் நின்னுபோச்சுன்னா, பெல்ட்டும் அறுந்திருக்கும், மோட்டாரும் கருகியிருக்கும், ரெண்டும் ஒண்ணா நடக்கும். அப்ப பெல்ட்ட மட்டும் மாத்திப் பாத்தா ஓடாதுங்க. அதுக்காக பழைய பெல்ட்ட திரும்பப் போட்டிருவமா?”

நாம் பேசாதிருந்தோம். அப்பொழுதுதான் மாணவி வாய் திறந்தாள்.

“சேர்... அந்தச் சின்ன வயர் போட்டப்ப பெட்டியில பச்ச லைட் எரிஞ்சிச்சு. பெரிய வயருக்கு எரியவே இல்ல.”

பெட்டியருகே நின்று முனையை அழுத்திப் பிடித்திருந்தவள் அவள் அல்லவா? நாம் இணையப் பக்கம் திறக்கின்றதா என்பதை மாத்திரம் பார்த்தோம். அவள் விளக்கைப் பார்த்திருக்கின்றாள். அந்தப் பச்சை விளக்கு, இரு முனைகளும் ஒன்றையொன்று உணர்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம். கணினியும் தன்னாலியன்றவரை சொல்லித்தான் இருக்கின்றது: நீண்ட கேபிளுக்கு ‘இணைக்கப்படவில்லை’, குட்டைக் கேபிளுக்கு ‘இனங்காணப்படாதது’. இரண்டும் ஒரே தோல்வி அல்ல. முதலாவது, வாசலையே அடையவில்லை. இரண்டாவது, வாசலுக்குச் சென்றபின் முகவரி பொருந்தவில்லை. விளைவு மாறத்தான் செய்தது. நாம்தான் அதனை விளைவென்று எண்ணவில்லை. இரண்டு காரணங்கள் ஒருங்கே நிற்கும்போது ஒன்றை நீக்கினாலும் காரியம் நிறைவேறாது என்பதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம்!

மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாகவே வழங்கிவந்த பௌத்த மறைகள், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டன என்பர். மனித நினைவை நம்பலாகாது என்று அத்துறவிகள் அறிந்திருந்தனர். நாமோ நான்கு மணி நேரத்தில் ஒரு துண்டுக் கடதாசியிலேனும் எந்தக் கேபிள், விளக்கு எரிந்ததா, கணினி என்ன சொன்னது என்று குறித்துவைக்கவில்லை. குறித்திருந்தால் மூன்றாம் வரியிலேயே உண்மை தெரிந்திருக்கும்.

குட்டைக் கேபிளை மாட்டினோம். தரையிற் குனியவில்லை, இம்முறை தரையிலேயே அமர்ந்துவிட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. அதன் அருகே மஞ்சள் விளக்கொன்று துடித்தது. 192.168 என்று தொடங்கும் முகவரி வந்தது. பக்கம் திறந்தது. மணி ஒன்பது நாற்பது.

மாணவியிடம் கணினியைக் கொடுத்துவிட்டு விலகி அமர்ந்தோம். அவள் சப்பணமிட்டு அமர்ந்து, கொப்பியில் முன்னமே எழுதிவைத்திருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டலானாள். எமக்கு வேலையில்லை. வேலையில்லாதவன் செய்வதுபோல, பேனாக்கத்தியால் நீண்ட கேபிளின் உறையை வகிர்ந்து பார்த்தோம். இழுப்பறையின் விளிம்பு பலகாலம் நசுக்கிய இடத்தில் பச்சையும் வெள்ளையும் கலந்த கம்பி அறுந்திருந்தது. எட்டில் ஒன்று. மற்றைய ஏழும் நன்றாகவே இருந்தன.

“பிள்ளை, விளக்கு எரிந்ததை ஐந்து மணிக்கே கண்டாயே. ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க செய்யும்போது நடுவுல பேசக்கூடாதுதானே சேர்” என்றாள்.

குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை; ஒரு விதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த விதியை இயற்றியவர் நாமே. ‘கேள்விகள் இருந்தால் பாடத்தின் இறுதியில் கேட்கலாம்’ என்பது எமது வழக்கமான வாக்கியம். பாடத்தின் இறுதியில் மணி அடித்துவிடும். பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் எத்தனை விளக்குகளைக் கண்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருப்பார்கள் என்று கணக்கிட முயன்று, கைவிட்டோம். தகப்பனார் இப்பொழுதுதான் ஆறிப்போன சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பத்துக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகத் திரையில் வந்தது. இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, போதாதென்று உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டாள். காவற்காரர் அறையைப் பூட்டினார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. முகிலுக்குள் இருந்த முழுநிலவின் வெளிச்சம் மைதானத்தில் தேங்கிய நீரில் மங்கலாகத் தெரிந்தது. மூவரும் ஒரே டோர்ச் ஒளியில் நடந்தோம்.

படிக்கட்டருகே தகப்பனார் நின்று எம்மைக் கேட்டார்: “முதலாவதா பேராதனையத்தானே சேர் போட்டிருக்கு? கிட்டயிருந்தா அவ அம்மாவுக்கு நிம்மதி.”

விடை எம் நாவின் நுனிவரை வந்துவிட்டது. பேராதனையின் பெருமைகளை விரித்துரைக்க எமக்கு அரைமணி நேரம் போதாது. நாம் கற்ற இடமும் அதுவே. வாயை மூடிக்கொண்டு மாணவியின் பக்கம் டோர்ச்சைத் திருப்பினோம்.

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு, “இல்லப்பா” என்றாள். “யாழ்ப்பாணம். சட்டம்.”